யன்னல் வலை கறுத்துப்போனால் மாற்ற வேண்டுமா, கழுவினால் போதுமா?

கல்லடியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. மூன்று வருசத்துக்கு முன் வீடு கட்டியபோது எல்லா யன்னலுக்கும் அலுமினியச் சட்டத்தில் நுளம்பு வலை போட்டிருக்கிறார்கள். இப்போது வலை கறுத்து, காற்று வருவதில்லை. தள்ளித் திறக்கிற சட்டங்கள் இறுகிவிட்டன. குசினிப் பக்கத்து வலையைப் பூனை பிறாண்டிக் கிழித்துவிட்டது. பார்க்க வந்த பாஸ் ஒருவர் "எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசு அடிப்பம்" என்று சொன்னாராம். மாற்றத்தான் வேண்டுமா, கழுவலாமென்றால் எதனால் கழுவுவது, எத்தனை நாளுக்கு ஒருக்கா என்று கேட்டிருந்தார்.

மாற்ற வேண்டாம் தங்கச்சி, அவசரப்படாதீங்க. நான் ஆரையம்பதியில் இருந்துகொண்டு இருபது வருசத்துக்கு மேலாக அலுமினிய வேலை செய்கிறேன். இப்படிக் கறுத்துப்போன வலைகளில் பாதிக்கு மேல் கழுவினால் திரும்பி வந்துவிடும். புதுசு போட்டால் எனக்குத்தான் காசு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

முதலில் வலை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக ஃபைபர் வலையாக இருக்கும்: கண்ணாடி நூலுக்கு மேலே பிவிசி பூசி நெய்தது. சட்டத்தின் மூலையில் வலையை இரண்டு விரலால் பிடித்து லேசாக மடித்து விடுங்கள். மடித்த இடம் பழையபடி நிமிர்ந்தால் நல்ல வலை. மடித்த கோட்டில் மேற்பூச்சு உதிர்ந்து, பஞ்சு மாதிரி நூல் தெரிந்தால், அல்லது விரலில் சாம்பல் போல மா ஒட்டினால், அது வெயிலில் வெந்துபோன வலை. அதைக் கழுவினால் கையோடு வந்துவிடும். எல்லா யன்னலையும் தனித்தனியாகப் பாருங்கள். பின்னேர வெயில் நேரே அடிக்கிற மேற்கு யன்னல்தான் எப்போதும் முதலில் போகும். அதே வீட்டில் விறாந்தை நிழலுக்குள் இருக்கும் வலை அப்படியே கிடக்கும். ஒன்று போனதற்காகப் பத்தையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை.

சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது? எல்லோரும் தூசி என்றுதான் நினைக்கிறார்கள். வெறும் தூசியென்றால் தட்டினால் போய்விட வேண்டுமே. நம்முடைய பக்கத்தில் தூசியைப் பிடித்து வைத்திருப்பது உப்பு. வாடைக்காற்று கடலிலிருந்து உப்புத் திவலையைக் கொண்டுவந்து வலையில் வைக்கும். மழை காலத்தில் குசினியில் உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மாமார் அதற்குள் நாலு அரிசி போட்டு வைப்பார்கள். அதே கதைதான் வலையிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இரவில் வலை நனைந்து பிசுபிசுக்கும், பகலில் காயும், திரும்ப இரவில் நனையும். மறுகா கச்சான் காற்று பிறந்து உள்நாட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது, ஒட்டுவதற்குப் பசை தயாராக இருக்கிறது. அதுதான் அந்தக் கறுப்பு. அந்த உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கல்லடியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள்.

ஆகவே சவர்க்காரத்தை விட முக்கியமானது நல்ல தண்ணீர். உப்பைக் கரைக்கச் சவர்க்காரம் தேவையில்லை. கிணறு உவர் என்றால், அந்தத் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். முதல் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ, பீலியில் பிடித்த மழைத் தண்ணீரோ ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறைக்கு வருகிறேன். தொழில் பழகிய காலத்தில் நானே செய்த பிழை ஒன்றைச் சொன்னால் விளங்கும். களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு. கச்சான் நேரம், வலையெல்லாம் மண் நிறம். வேலை சுருக்காக முடியட்டும் என்று ஹோஸைத் திருப்பி நேரே அடித்தேன். புழுதி அவ்வளவும் சேறாகி வலைக்கண்ணுக்குள் இறங்கிக் காய்ந்து, முன்னையை விட அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஈரத்துக்கு முன் காய்ந்த துப்பரவு. சட்டத்தைக் கழற்றி, வெயில் ஏறியபிறகு, காலைப் பனி ஈரம் போன நேரத்தில், மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பெயின்ற் அடிக்கிற நாலு அங்குல பிரஷ், பாவிக்காதது, இதற்கு அருமையான சாமான். வக்கூம் கிளீனர் இருந்தால் பிரஷ் வாயைப் போட்டு இழுக்கலாம். ஈர்க்கு விளக்குமாற்றால் அடிக்காதீர்கள். ஈர்க்கு நுனி வலைக்கண்ணை விலக்கிவிடும். குளவிக் கூடு, சிலந்திக் கூடு, பல்லி எச்சம் எல்லாம் சட்டத்தின் மூலையில்தான் இருக்கும். பழைய பல்லுப் பிரஷ்ஷால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு சட்டத்தைச் சீமெந்து நிலத்தில் நேரே போடாமல், ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். அடியில் தாங்கல் இருந்தால்தான் தேய்க்கும்போது வலை தொய்யாது. அரை வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு தேக்கரண்டி போதும். அது இல்லாவிட்டால் சன்லைட் சவர்க்காரத்தைக் கொஞ்சம் சீவிக் கரையுங்கள். ஸ்பொஞ்சை நனைத்து, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, அழுத்தாமல் துடையுங்கள். வலை நெசவு நெடுக்கும் குறுக்குமாகத்தானே ஓடுகிறது. வட்டமாகத் தேய்த்தால் நூல் விலகி ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் ஓட்டை என்று வந்துவிடும். ஐந்து நிமிடம் ஊற விட்டு, சட்டத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் பார்க்கத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுக்கு வந்த வழியாலேயே திரும்பிப் போகும். பூவுக்கு விடுகிற வாளியின் பூவாய் இதற்குச் சரியான அளவு. மோட்டார் சைக்கிள் கழுவுகிற அமுக்கத் தண்ணீர் மிசினால் அடித்தால் வலை சட்டத்தை விட்டுப் பறக்கும். அப்படிப் பறந்த வலையைத் திரும்பப் பூட்டி என் ஒரு நாள் போயிருக்கிறது.

காய வைப்பது நிழலில். வெயிலில் போட்டால் தண்ணீர்த் துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஏற்கெனவே நின்றுவிட்ட வெள்ளைக் கறைக்கு, நம் தென்னை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஸ்பொஞ்சால் ஒற்றி, பத்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். மாரியில் வடக்குப் பக்க வலையில் பிடிக்கிற பூஞ்சணத்துக்கும் இதுவே போதும். பிளீச்சிங் வேண்டாம். அது அலுமினியத்தைக் கடித்துப் புள்ளி போடும். அதிலும் பிளீச்சிங்கையும் வினாகிரியையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் எதுவும் பிவிசிக்கும் றப்பருக்கும் ஆகாது.

குசினி வலை வேறு சாதி. அதில் இருப்பது உப்பும் புழுதியும் மட்டுமில்லை; தாளிக்கிற எண்ணெய், மீன் பொரிக்கிற ஆவி, விறகடுப்பு என்றால் கரியும் சேரும். அதைத் தட்டினால் எதுவும் உதிராது. அப்பச் சோடா இரண்டு மேசைக்கரண்டியைத் திரவச் சவர்க்காரத்தோடு கூழாகக் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பூசி, கால் மணி நேரம் விட்டு, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் அலசுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிவிசி இளகி வலை அலை அலையாகத் தொய்ந்துவிடும். ஒருமுறை போகாவிட்டால் இன்னொருமுறை செய்யுங்கள். தும்போ கம்பித் தும்போ எடுத்துத் தேய்க்க மட்டும் வேண்டாம்.

காற்று உண்மையாகத் திரும்பிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காற்றோட்டம் உள்ள நேரத்தில், கழுவின வலைக்கு ஒரு சாண் உள்ளே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை சரிந்து அறைக்குள் ஓடும். அதே பத்தியைக் கழுவாத வலைக்குக் கிட்டப் பிடித்தால் புகை நேரே மேலே போகும். வாடிக்கையாளர் வீட்டில் இதைக் காட்டினால் மறுநாளே மற்ற அறை வலைகளும் முற்றத்துக்கு வந்துவிடும்.

சட்டம் இறுகினதற்கும் வலைக்கும் சம்பந்தமில்லை. கீழ்த் தண்டவாளத்தைப் பாருங்கள்: கடல் மணல், செத்த ஈசல் செட்டை, முடி, எல்லாம் சேர்ந்து பசையாக இருக்கும். காய்ந்தபடியே பல்லுப் பிரஷ்ஷால் கிளறி எடுத்து, பிறகு ஈரத் துணியை ஒரு தட்டை ஸ்குரு டிரைவர் நுனியில் சுற்றி இழுங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்போம். மழைத் தண்ணீர் வெளியே போவதற்கான வழி அது. அது அடைத்தால் மார்கழி மழையில் தண்ணீர் உள்ளே வழிந்து சுவர் ஊறும். ஒரு ஈர்க்கை விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். சில வீடுகளில் எறும்பு வருகிறது என்று அந்த ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்து வைத்திருக்கிறார்கள், கண்டால் எனக்குக் கோபம் வரும். தண்டவாளத்துக்குத் தேங்காயெண்ணெயோ, தையல் மிசின் எண்ணெயோ விடாதீர்கள். இரண்டு கிழமை வழுக்கும், பிறகு மணலைப் பிடித்து அரம் மாதிரி ஆகிவிடும். வெள்ளை மெழுகுதிரியை நெடுகத் தேய்த்து விட்டால் போதும். சட்டத்தின் அடியில் இருக்கும் சில்லு தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருந்தால் சில்லை மட்டும் மாற்றலாம். சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

சட்டத்தில் பூட்டியிருக்கும் திருகாணிகளையும் ஒருக்கால் பாருங்கள். சாதாரண இரும்பு ஆணி என்றால் தலை துருப்பிடித்து, அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாகப் பொங்கியிருக்கும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம்தான் அரிபடும். கழற்றி, துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணியாக மாற்றிவிடுங்கள். சட்டத்துக்கும் ஆணித் தலைக்கும் இடையில் ஒரு பிளாஸ்ரிக் வளையம் போட்டால் இன்னும் நல்லது.

இனிக் கிழிசல். மயிர்க்கோடு போல ஒரு நூல் அறுந்திருந்தால், இரண்டு நுனியையும் ஊசியால் சேர்த்து வைத்து ஒரு துளி நிறமில்லாத கியூடெக்ஸ், அதுதான் நகப்பூச்சு, வையுங்கள். அவரைக்கொட்டை அளவு ஓட்டை என்றால் தைப்பதுதான் வழி. பழைய வலைத் துண்டில், ஓட்டையை விட எல்லாப் பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் கூட இருக்கும்படி வெட்டி, கண்ணுக்குக் கண் நேராக வைத்து, மெல்லிய தங்கூசியால், அதாவது தூண்டிலுக்குப் பாவிக்கிற நைலோன் நூலால், சுற்றித் தையுங்கள். இதை நான் ஒரு கரைவலைக்கார அப்பாவிடம் பார்த்தேன். அவர் வீட்டு யன்னல் வலையில் ஏழெட்டு ஒட்டு. ஒன்றையும் கிட்டப் போகும்வரை கண்டுபிடிக்க முடியவில்லை. "கடல் வலையைப் பொத்துறம், இது என்ன மனே" என்றார். ஒட்டுக்குச் செலோடேப் மட்டும் போடாதீர்கள், வெயிலில் உரிந்து பசை நின்றுவிடும்.

பூனை கிழித்த அளவுக்கு என்றால் அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் வலை மாற்ற வேண்டும். இதை வீட்டிலேயே இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் வலையை அமத்திப் பிடித்திருக்கும் கறுப்பு றப்பர்க் கயிற்றை நாங்கள் பீடிங் என்போம். ஒரு மூலையில் கிளப்பி முழுக்க இழுத்து எடுங்கள். வளைத்தால் வெடிக்கிற பழைய றப்பரைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். ஒரு சாண் வெட்டிக்கொண்டு போய் அதே தடிப்பில் புதுசு வாங்குங்கள். புது வலையை எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூட வெட்டி, நெசவுக் கோடு சட்டத்துக்கு நேராக ஓடுகிறதா என்று பார்த்து, ஒரு மூலையில் தொடங்கி றப்பரை அமத்திக்கொண்டு போங்கள். அமத்துவதற்குச் சில்லு வைத்த ஒரு சின்ன ஆயுதம் இருக்கிறது; கடையில் வலை அமத்துகிற சில்லு என்று கேட்டால் தருவார்கள். பெரிய பிழை எங்கே வருகிறதென்றால், மேளத் தோல் மாதிரி இறுக வேண்டுமென்று இழுப்பதில். இழுத்தால் சட்டத்தின் நடு உள்ளே வளையும். பிறகு யன்னலில் வைத்தால் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. நுளம்பு வர அது தாராளம். வலை தொய்யாமல் கிடந்தால் போதும், மிச்ச இறுக்கத்தை றப்பரே பள்ளத்துக்குள் போகும்போது தந்துவிடும். கடைசியில் வெளியே நிற்கும் வலையைக் கூரான கத்தியால், கத்தி வெளிப்பக்கம் சாய்ந்தபடி, வெட்டி விடுங்கள்.

வலை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபைபர் என்று சொல்லி வெறும் பிளாஸ்ரிக் வலையைத் தந்து என்னையே ஒரு கடையில் ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு வருச வெயிலில் நொறுங்கிப்போனது. இப்போது நான் ஓரத்தில் ஒரு நூலை உருவி வெளியில் வைத்து நெருப்புக் காட்டிப் பார்ப்பேன். பிளாஸ்ரிக் என்றால் உருகிச் சொட்டும். ஃபைபர் என்றால் மேற்பூச்சு கருகினபிறகும் உள்ளே கண்ணாடி நூல் அப்படியே நிற்கும். அந்தப் புகையை மட்டும் மூக்கில் எடுக்காதீர்கள். அடுத்தது கண்ணின் அளவு. ஒரு அடிமட்டத்தை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 என்று இருப்பதுதான் நுளம்புக்கு வழக்கமான வலை. வாவிக் கரையில், மாலையில் கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கிற சின்னக் கொசு உள்ள வீட்டுக்கு 20க்கு 20 வலை தேவைப்படலாம். காற்று அதற்கேற்பக் குறையும். இரும்புக் கம்பி வலைக்கு நாகம் பூசியிருந்தாலும் கடலோரத்தில் நான் போட மாட்டேன். எவர்சில்வர் வலை போட ஆசையென்றால் 316 தரம் கேளுங்கள். 304 கூட நம் காற்றில் தேத்தண்ணிக் கறை மாதிரிப் பழுப்புப் பிடிக்கும்.

வாடகை வீடுகளில் சுவரில் ஒட்டுகிற வெல்க்ரோ வலை இருக்கும். அதைக் கழற்றி வாளியில் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, பிழியாமல் தொங்கவிட்டால் சரி. ஒட்டுப் பட்டியில் சிக்கின நூலைப் பழைய சீப்பால் வாரிவிடுங்கள், பிடி திரும்பி வரும்.

எத்தனை நாளுக்கு ஒருக்கா என்று கேட்டீர்கள். கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை என்றால், மாதம் ஒருமுறை கழற்றாமலே நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை இறக்குங்கள். முன்னம் தூசியைத் தட்டிவிட்டு. கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது வருசத்துக்கு இரண்டு தரம் போதும்: கச்சான் ஓய்ந்து மாரி தொடங்குமுன் ஒன்று, வாடை முடிந்து மாசி பங்குனியில் ஒன்று. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலோரத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு உப்பை விட அறுவடை மிசின் கிளப்புகிற நெல்லுச் சுனைத் தூசிதான் வினை. பெரும்போக அறுவடை முடிந்த பிறகு கழுவ வேண்டும், முன்னால் கழுவினால் வீண் வேலை. தட்டும்போது மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள்.

மாரிக்கு முன் ஒரு தரம் என்று நான் அழுத்திச் சொல்வது மழைக்குப் பிறகு டெங்கு வரும் என்பதால். மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும் என்று பழகிய நாம், ஆறு மணிக்குத்தான் யன்னல் வலையை இழுத்துச் சாத்துகிறோம். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2016இல் நமக்குச் சான்று தந்துவிட்டது. அடுத்த வருசமே, 2017இல், நாடு முழுக்க 186,000க்கு மேல் டெங்கு நோயாளிகள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதுவும் விடிந்து கொஞ்ச நேரத்திலும் பொழுது சாயுமுன்னும். வலை அடைத்துக் காற்று வராத வீட்டில்தான் பகல் முழுக்க வலையைத் தள்ளி வைத்திருப்பார்கள். கழுவின வலையைப் பகலிலும் மூடி வைக்கலாம், வியர்க்காது. ஒருநாள் பகலில் அறைக் கதவைச் சாத்தி, லைற்றை அணைத்து, சட்டத்தைச் சுற்றி எங்கே வெளிச்சம் கோடாகத் தெரிகிறது என்றும் பாருங்கள். ஓரத்துப் பிரஷ் நாடா தேய்ந்த இடம் அது. புது நாடா மீற்றர் கணக்கில் வாங்கி நீங்களே செருகலாம். யன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட ஓட்டைகளை மறந்துவிடாதீர்கள். கீழே பத்து வலை போட்டு மேலே திறந்து விட்ட வீடுகள் நிறைய. கழுவி முடிந்ததும் வாளியையும் பேசினையும் கவிழ்த்து வையுங்கள்.

பூனை விசயம் மிச்சம் இருக்கிறது. மீன் வெட்டுகிற இடம் அந்த யன்னலுக்குக் கிட்டவா? அப்படியென்றால் எந்த மெல்லிய வலையைப் போட்டாலும் அது திரும்ப ஏறும். அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் செல்லப் பிராணிகளுக்கென்று வருகிற தடித்த பொலியெஸ்ரர் வலையைப் போடுங்கள். நூல் தடிப்பென்பதால் அதற்குப் பீடிங் கொஞ்சம் மெல்லியது வேண்டிவரும். கடைக்குப் போகும்போது பழைய றப்பர்த் துண்டைக் கையில் கொண்டுபோங்கள்.